இறுக்கத்துக்கு ஓர் அளவு

கும்பகோணத்தை அடுத்த நாச்சியார்கோயிலில் செய்யும் குத்துவிளக்கு ஒரே வார்ப்பாக வருவதில்லை. பாதம், தண்டு, எண்ணெய் ஊற்றும் தகழி, உச்சியில் பிரபை என்று பாகங்களைத் தனித்தனியே வார்த்து, கடைசல் பிடித்து, மரை வெட்டி, ஒன்றின்மேல் ஒன்றாகத் திருகிச் சேர்க்கிறார்கள். தகழியின் நடுவே மரை துளைத்து இறங்கும் விளக்குகளில் ஒரு சங்கடம் உண்டு. ஊற்றிய நல்லெண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக மரை வழியே இறங்கித் தண்டில் பிசுபிசுக்கும். பலம் கொண்ட மட்டும் திருகினாலும் கசிவு குறையுமே தவிர முழுதாக நிற்காது. அடியில் மெல்லிய வளையம் ஒன்றோ துளி மெழுகோ வைத்துத் திருகினால் நின்றுவிடும்.

காரின் பெட்ரோல் டாங்கியிலிருந்து எஞ்சினின் நாசில் வரை உள்ள ஒவ்வொரு இணைப்பும் இதே விதிக்குக் கட்டுப்பட்டதுதான். மரைக்கு ஒரு வேலை: இரண்டு பாகங்களை நெருக்கிப் பிடிப்பது. கசியாமல் அடைப்பது வேறொன்றின் வேலை: ஒரு செம்பு வாசர், ஒரு ரப்பர் வளையம், அல்லது கூம்பாகக் கடைந்த உலோக முகம். பிடிப்பவன் அடைப்பவனை எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதே இந்த அத்தியாயத்தின் கேள்வி. குறைந்தாலும் கசியும், கூடினாலும் கசியும். நடுவில் ஓர் எண் இருக்கிறது. அந்த எண்ணை மதிக்கக் கற்றுக்கொண்டவர் தன் வண்டியைத் தானே தைரியமாகத் தொடலாம்.

கும்பகோணத்திலிருந்து அணைக்கரை போகும் சாலையில் திருப்பனந்தாளைக் கடக்கும்போது இந்தக் கேள்வி எவ்வளவு பேருடைய கேள்வி என்று தெரியும். மண்ணியாற்றுப் பாசனத்து வயல்களில் டிராக்டர், வரப்போரம் டீசல் பம்பு செட், அறுவடைக் காலத்தில் வரிசையாக வந்து இறங்கும் நெல் அறுக்கும் இயந்திரங்கள், வீட்டு வாசலில் பழைய மாருதியோ டீசல் அம்பாசிடரோ. டீசல் பில்டர் மாற்றுவதும், டியூப் மாற்றுவதும், குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றுவதும் இங்கே பெரும்பாலும் வீட்டு வாசலிலும் வயல் மேட்டிலும் நடக்கும் வேலைகள். ஒரு பெரிய ஸ்பேனரும் ஒரு ஜோடிக் கையும் போதும் என்ற நம்பிக்கையில்தான் அவை நடக்கின்றன.

மரை ஓர் ஓடை

8 மில்லிமீட்டர் விட்டமுள்ள சாதாரண போல்ட்டை எடுத்துக்கொள்வோம். அதில் ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடைவெளி 1.25 மில்லிமீட்டர். நட்டுக்குள் 10 மில்லிமீட்டர் ஆழம் இறங்கினால் எட்டுச் சுற்று. உள்மரையும் வெளிமரையும் எங்கும் முழுதாக ஒட்டுவதில்லை. ஒட்டினால் திருகவே முடியாது. முகடுக்கும் பள்ளத்துக்கும் நடுவே மயிரிழை அளவு இடைவெளி எப்போதும் இருக்கும். அந்த இடைவெளியை நீட்டி அளந்தால் சுமார் 18 சென்டிமீட்டர் நீளமுள்ள, சுருண்டு இறங்கும் ஓர் ஓடை. டீசலுக்கும் பெட்ரோலுக்கும் அந்த ஓடை போதும்.

இதனால்தான் எரிபொருள் கசிவைக் கண்டதும் மரையில் வெள்ளை டேப் சுற்றும் பழக்கம் தவறாகிறது. தண்ணீர்க் குழாயில் சரிவு மரை இருக்கும். அங்கே டேப்புக்கு வேலை உண்டு. டீசல் குழாயின் நட்டில் இருப்பது நேர் மரை. அங்கே டேப் அடைப்பதில்லை. அது பிசிறாகக் கிழிந்து டீசலோடு உள்ளே போகும். நாசிலின் ஊசிக்கும் அதன் கூட்டுக்கும் இடையே உள்ள இடைவெளி சில மைக்ரான்கள்தான், அதாவது ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்கு. ஒரு பிசிறு போதும் அதைக் கெடுக்க. மெக்கானிக் கடைகளில் கை துடைக்கும் பஞ்சு வேஸ்டும் இதே காரணத்துக்காகத் திறந்த டீசல் குழாய்க்கு அருகே வரக்கூடாது. நூல் பிரியாத துணியே நல்லது.

நீளும் இரும்பு

போல்ட்டை இறுக்கும்போது உண்மையில் என்ன நடக்கிறது? அது நீள்கிறது. இரும்பு நீளுமா என்று தோன்றும். நீளும், விட்டால் பழைய நீளத்துக்குச் சுருங்கவும் செய்யும். இறுக்கிய போல்ட் ஒவ்வொன்றும் இழுத்துப் பிடித்த ஸ்பிரிங். அது சுருங்க முயல்வதே பாகங்களை நெருக்கிப் பிடிக்கும் விசை.

எண்களில் பார்ப்போம். தலையில் 8.8 என்று பொறித்த அதே 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் திருப்புவிசை சுமார் 25 நியூட்டன் மீட்டர். கால் மீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் நுனியில் பத்துக் கிலோ எடையைத் தொங்கவிட்டால் கிடைப்பது அது. அந்தப் பத்துக் கிலோவுக்கு போல்ட் தரும் பிடிப்பு ஏறக்குறைய 1600 கிலோ எடைக்குச் சமம். நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பம் நாற்பதை அடுக்கி, அத்தனை பாரத்தையும் அந்த ஒரே இணைப்பின்மேல் வைத்தது போல.

அவ்வளவு பாரத்துக்கும் 40 மில்லிமீட்டர் நீளமுள்ள போல்ட் எவ்வளவு நீளும்? ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரு தாளின் தடிமன்கூட வராது. இந்தச் சின்ன நீட்சிதான் நம் முழு மூலதனம். போல்ட்டின் தலைக்கு அடியில் காய்ந்த சேறோ பெயின்ட் பொருக்கோ சிக்கியிருக்கிறது என்று வையுங்கள். இறுக்கும்போது அது தாங்கி நிற்கும். வண்டி ஓடிச் சூடேறி அதிர்ந்ததும் நசுங்கி உதிரும். அரைத்தாள் தடிமன் அழுக்கு உதிர்ந்தாலே பிடிப்பில் பாதிக்கு மேல் போய்விடும். இறுக்குவதற்கு முன் முகங்களைத் துடைப்பது சுத்தம் பார்ப்பவர்களின் குணம் என்று நினைக்கக்கூடாது. அது கணக்கோடு சேர்ந்தது.

பிடிப்பு குறைந்த போல்ட்டை அதிர்வு மேலும் தளர்த்தும். 1969இல் கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர் இதைச் சோதனையில் காட்டினார். போல்ட்டின் நீளவாக்கில் வரும் அதிர்வைவிட, பாகங்கள் பக்கவாட்டில் வழுக்கும்படி வரும் அதிர்வே நட்டைத் தானாகக் கழற்றுகிறது. போதுமான பிடிப்பு இருந்தால் பாகங்கள் வழுக்காது, நட்டும் கழலாது. ஒற்றைச் சிலிண்டர் பம்பு செட்டின் அதிர்ச்சியைத் தரையிலேயே உணர்ந்தவர்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கும்.

அப்படியானால் இன்னும் பலமாக இறுக்கிவிடலாமே? அங்கேதான் எல்லை வருகிறது. ஓர் அளவுக்கு மேல் நீண்ட இரும்பு பழைய நீளத்துக்குத் திரும்பாது. பிடிப்பை இழந்து இளகிப்போகும். மரை சீவிக்கொண்டு வரும், அல்லது போல்ட் ஒடியும். பில்டர் தலையும் பம்பு உடலும் அலுமினியமாக இருந்தால், போல்ட்டுக்கு முன்பே அலுமினிய மரை பறிபோகும். ‘மரை போயிடுச்சு’ என்று மெக்கானிக் சொல்லும்போது, அநேகமாக அதற்கு முன்னால் யாரோ ஒருவர் அதை நல்லெண்ணத்தோடு கூடுதலாக முறுக்கியிருப்பார்.

திருப்பனந்தாள் கோயிலின் கதை ஒன்று பெரியபுராணத்தில் இருக்கிறது. தாடகை என்ற பெண் சாத்திய மாலையை ஏற்கச் சாய்ந்ததாக ஊர்க்கதை சொல்லும் சிவலிங்கத்தை நிமிர்த்த, மன்னன் யானைகளைப் பூட்டி இழுத்தும் முடியவில்லை. குங்கிலியக்கலய நாயனார் தன் கழுத்தில் கயிற்றைக் கட்டி இழுத்ததும் நிமிர்ந்தது. பக்தியின் பெருமையைச் சொல்லும் கதை அது. யானை பலம் எல்லாக் காரியத்துக்கும் விடையாகாது என்பதை இந்த ஊர்க்காரர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

உராய்வு எடுக்கும் பங்கு

ஸ்பேனரில் நாம் போடும் உழைப்பில் பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை நீட்டுகிறது. சுமார் பாதி, போல்ட் தலைக்கு அடியில் நடக்கும் உராய்வுக்குப் போகிறது. மீதி நாற்பது சதவீதம் மரைகளின் உராய்வுக்கு. ஆகவே கையில் உணரும் இறுக்கம் பெரும்பாலும் உராய்வின் இறுக்கம். துருப்பிடித்த போல்ட் ‘நல்லா டைட்டாயிடுச்சு’ என்று தோன்ற வைக்கும், உள்ளே பிடிப்பே இருக்காது.

எதிர்த்திசையிலும் ஏமாற்றம் உண்டு. எண்ணெயோ டீசலோ பட்ட மரையில் உராய்வு குறையும். முன்னே சொன்ன போல்ட்டையே எண்ணெய் தடவி அதே 25 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினால், பிடிப்பு மூன்றில் ஒரு பங்கு வரை கூடிவிடலாம். அதாவது 1600 கிலோ இருக்க வேண்டிய இடத்தில் 2100 கிலோ. அந்த போல்ட் தாங்கக்கூடிய எல்லையின் விளிம்பு அது. எரிபொருள் பாகங்களில் வேலை செய்யும்போது கையெல்லாம், மரையெல்லாம் டீசல்தான். அதனால்தான் வண்டியின் சர்வீஸ் புத்தகம் மரை உலர்ந்திருக்க வேண்டுமா, எண்ணெய் தடவ வேண்டுமா என்பதைத் தனியே சொல்கிறது. சொல்லாத இடத்தில் துடைத்து உலர்ந்த மரை என்று எடுத்துக்கொள்வதே முறை.

செம்பு, கூம்பு, ரப்பர்

அடைப்பவர்களிடம் வருவோம். எரிபொருள் பாதையில் முக்கியமாக மூன்று வகை.

முதலாவது செம்பு வாசர். டீசல் பில்டரிலும் பம்பிலும், நடுவில் துளையுள்ள போல்ட் ஒன்று வளையம் போன்ற குழாய்முனையைப் பிடித்திருக்கும். பஞ்சோ போல்ட் என்பார்கள். குழாய்முனைக்கு மேலும் கீழும் ஒவ்வொரு செம்பு வாசர். இறுக்கும்போது மென்மையான செம்பு நசுங்கி, இரும்பு முகத்தின் நுண்ணிய கீறல்களுக்குள் புகுந்து அடைக்கிறது. ஒருமுறை நசுங்கிய செம்பு கடினப்பட்டுவிடும். கும்பகோணத்துப் பாத்திரத் தொழிலாளர்கள் தகட்டை அடித்துக்கொண்டே போகும்போது அது விறைத்துப் போவதையும், நெருப்பில் காய்ச்சியதும் மறுபடி இளகுவதையும் தலைமுறைகளாக அறிவார்கள். அடிக்கும்போது உலோகத்தின் படிக அடுக்குகள் சிக்கலாகி நகர மறுக்கின்றன. வெப்பம் அவற்றை மறுபடி ஒழுங்காக்குகிறது. பழைய வாசரைச் சிவக்கக் காய்ச்சி மறுபடி போடும் மெக்கானிக்குகள் இதே அறிவைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆனால் நசுங்கி மெலிந்த தடிமன் திரும்பாது, முகத்தில் விழுந்த வரிப்பள்ளமும் போகாது. புது வாசர் சில ரூபாய்தான். கடினப்பட்ட பழைய வாசரைப் போட்டுக் கசிகிறதே என்று கூடுதலாக முறுக்குவதுதான் பஞ்சோ போல்ட் ஒடிவதற்குப் பொதுவான காரணம். உள்ளே துளை உள்ள போல்ட் என்பதால் அது சாதாரண போல்ட்டைவிட எளிதில் முறியும்.

இரண்டாவது கூம்பு. டீசல் பம்பிலிருந்து நாசிலுக்குப் போகும் கனத்த இரும்புக் குழாயின் முனை கூம்பாக இருக்கும். எதிர்முகத்தில் அதற்கேற்ற குழிவு. இரண்டும் ஒரு மெல்லிய வட்டக் கோட்டில் மட்டுமே தொடும். பரப்பு குறைவு என்பதால் அழுத்தம் மிக அதிகம். அதனால் வாசர் இல்லாமலே அடைக்கிறது. இங்கே கவனிக்க வேண்டியவை மூன்று. குழாய் இயல்பாகத் தன் குழிவில் உட்கார வேண்டும். வளைத்து இழுத்துக்கொண்டு நட்டால் பிடிக்கக்கூடாது. முதலில் எல்லா நட்டையும் விரலால் முழுதாக ஏற்றிவிட்டு, பிறகே ஸ்பேனரைத் தொட வேண்டும். பம்பின் மேலுள்ள பாகத்தை ஒரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு, நட்டை இன்னொரு ஸ்பேனரால் திருப்ப வேண்டும். ஒற்றை ஸ்பேனரால் திருப்பினால் குழாய் முறுக்கிக்கொள்ளும், அல்லது பம்பின் பாகமே தளரும். கூடுதலாக இறுக்கிய கூம்பு விரிந்து, உள்துளை சுருங்கி, கடைசியில் வெடிப்பு விடும். பிறகு எந்த இறுக்கமும் அதைக் காப்பாற்றாது.

மூன்றாவது ரப்பர். பெட்ரோல் காரின் டாங்கிக்குள் மூழ்கியிருக்கும் பம்பின் மூடிக்கு அடியில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். ரப்பர் வளையம் வேலை செய்யும் விதமே வேறு. பள்ளத்தில் அளவாக நசுங்கி, தன் நெகிழ்ச்சியால் இரு முகங்களையும் தள்ளிக்கொண்டே இருக்கிறது. மூடி தன் இடத்தில் உட்கார்ந்த பின் மேலும் இறுக்குவதால் வளையத்துக்கு ஒரு பயனும் இல்லை. பிளாஸ்டிக் மூடிதான் கோணும். பெட்ரோலில் ஊறிய பழைய வளையம் உப்பி நீண்டிருக்கும். வெளியே எடுத்ததைத் திரும்பப் பள்ளத்தில் வைத்தால் ஓர் இடத்தில் எழும்பி நிற்கும். அதன்மேல் மூடியை முறுக்கினால் வளையம் நடுவில் கடிபடும். ஆகவே மூடியைத் திறந்தால் புது வளையம் என்பது மாறாத விதி.

இந்த ஒரு வளையத்தின் மதிப்பை இந்தியா 2010 பிப்ரவரியில் பெரிய அளவில் பார்த்தது. மாருதி சுசூகி நிறுவனம் ஏ-ஸ்டார் வகையில் சுமார் ஒரு லட்சம் கார்களைத் திரும்ப அழைத்து, எரிபொருள் பம்பின் கேஸ்கட்டை மாற்றித் தந்தது. டாங்கியை நிரப்பும்போது அங்கே பெட்ரோல் கசிய வாய்ப்பு உண்டு என்பதே காரணம். 2014 ஏப்ரலில் அதே நிறுவனம் எர்டிகா, ஸ்விஃப்ட், டிசையர் வகைகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளை, எரிபொருள் ஊற்றும் குழாயின் கழுத்தை மாற்ற அழைத்தது. இயந்திரக் கைகளும் சோதனைச் சாலைகளும் உள்ள தொழிற்சாலையிலேயே ஓர் இணைப்பு இவ்வளவு கவனம் கேட்கிறது என்றால், வீட்டு வாசலில் அதைத் திறக்கும் நமக்கு எவ்வளவு பொறுமை வேண்டும்!

ரப்பர் டியூபும் கிளிப்பும் இதே குடும்பம்தான். கிளிப்பைக் கூடுதலாக முறுக்கினால் அதன் விளிம்பு ரப்பரைக் கத்தி போல வெட்டும். பெட்ரோலில் எத்தனால் கலப்பது 20 சதவீதம் வரை வந்துவிட்ட இந்நாளில், பழைய வண்டிகளின் ரப்பர் டியூப்களை இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும். சில பழைய ரப்பர் வகைகள் எத்தனாலில் உப்பி, பிறகு இறுகி வெடிக்கும். வெடித்த டியூபுக்கு மருந்து புது டியூப் மட்டுமே.

திருகி மாட்டும் டீசல் பில்டருக்கு ஸ்பேனரே வேண்டாம். அதன் ரப்பர் வளையத்தில் சுத்தமான டீசலைத் தடவி, வளையம் முகத்தைத் தொடும் வரை கையால் திருகி, அதன்பின் பில்டரிலேயே அச்சிட்டிருக்கும் அளவுக்கு, பெரும்பாலும் முக்கால் சுற்று, கையாலேயே திருப்பினால் போதும்.

உள்ளே இழுக்கும் கசிவு

கசிவு என்றால் வெளியே ஒழுகுவது என்றே நினைக்கிறோம். டீசல் வண்டியில் பாதிப் பாதை இதற்கு நேர் எதிர். டாங்கியிலிருந்து பம்பு வரை டீசல் உறிஞ்சப்படுகிறது. அங்கே குழாய்க்குள் வெளிக்காற்றைவிட அழுத்தம் குறைவு. இணைப்பு தளர்ந்தால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். ஈரமோ கறையோ இருக்காது. எஞ்சின் திணறும், நிற்கும். காற்று அழுந்தக்கூடியது, பம்பு தள்ளும்போது குமிழி சுருங்கி விரிகிறதே தவிர, நாசில் திறக்கும் அளவுக்கு அழுத்தம் எழுவதில்லை.

மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறப்பது மரபு. தண்ணீர் வந்த கையோடு சேற்றுழவு நடக்க வேண்டும். அந்த நேரத்தில் சேற்றின் நடுவே டிராக்டர் ‘ஏர் எடுத்து’ நின்றுவிட்டால் வாடகைக்கு எடுத்தவருக்கும் ஓட்டுபவருக்கும் அன்றைய பொழுதே போய்விடும். முன்தினம் மாற்றிய பில்டரின் கிண்ணத்து வளையம் கோணலாக உட்கார்ந்ததோ, பழைய செம்பு வாசரோ பெரும்பாலும் காரணமாக இருக்கும். பில்டர் தலையில் உள்ள காற்று நீக்கும் திருகைக் கொஞ்சம் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, நுரை போய்த் தெளிந்த டீசல் வரும்போது மூடுவது எல்லோரும் அறிந்த வைத்தியம். அந்தத் திருகு சிறியது, உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் அலுமினியத்தில். அவசரத்தில் பெரிய ஸ்பேனரால் முறுக்கினால் அதன் மரை போய், அடுத்த கசிவு அங்கிருந்தே தொடங்கும். காற்று எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க நல்ல வழி, உறிஞ்சும் பாதையில் டீசல் தாங்கும் கண்ணாடி போன்ற டியூபைத் தற்காலிகமாக மாட்டிப் பார்ப்பது. குமிழி ஓடுவது கண்ணுக்குத் தெரியும். ஒவ்வோர் இணைப்பாக இடம் மாற்றிப் பார்த்தால் குற்றவாளி அகப்படும்.

விரலை வைக்காதீர்கள்

பம்பைத் தாண்டியபின் உலகமே மாறிவிடுகிறது. ராபர்ட் போஷ் நிறுவனம் 1927இல் டீசல் பம்பைத் தொடர் உற்பத்தியாகக் கொண்டுவந்தது. 1951இல் தொடங்கிய மைகோ நிறுவனம் அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. நம் மெக்கானிக்குகள் இன்றும் ‘மைகோ பம்பு’ என்றே சொல்கிறார்கள். பழைய வகை எஞ்சினில் நாசில் திறக்க ஏறக்குறைய 200 பார் அழுத்தம் வேண்டும். எல்லா நாசிலுக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் இன்றைய காமன் ரயில் கார்களில் 1600 பார், அதற்கு மேலும். 1600 பார் என்றால் ஒரு சதுர மில்லிமீட்டரில் 16 கிலோ எடை நிற்பது போல. இவ்வளவு அழுத்தத்தில் நுண்ணிய வெடிப்பிலிருந்து பீறிடும் டீசல் கண்ணுக்குப் புகையாகத்தான் தெரியும், ஆனால் ஊசி போலத் தோலைத் துளைத்துத் தசைக்குள் போய்விடும். வெளியே சிறு புள்ளிதான் இருக்கும், வலியும் முதலில் குறைவாக இருக்கலாம். உள்ளே திசு சாகத் தொடங்கியிருக்கும். அப்படி நேர்ந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போய், டீசல் அழுத்தத்தில் பாய்ந்தது என்று சொல்ல வேண்டும். பெரும்பாலும் அறுவை சிகிச்சை தேவைப்படும். விரலையே இழந்தவர்கள் உண்டு.

பழைய எஞ்சினில் எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்க, ஓடும்போதே நாசில் குழாய் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தும் பழக்கம் நம் மெக்கானிக்குகளிடம் உண்டு. காமன் ரயில் வண்டியில் அதை ஒருபோதும் செய்யக்கூடாது. எஞ்சினை நிறுத்தியபின்னும் அழுத்தம் உடனே இறங்காது. சர்வீஸ் புத்தகம் சொல்லும் நேரம் காத்திருந்த பிறகே நட்டைத் தொட வேண்டும். கசிவைத் தேட விரலுக்குப் பதில் ஒரு துண்டு அட்டையை நீட்டுங்கள். நனைந்தால் அங்கே கசிவு. கழற்றிய உயர் அழுத்தக் குழாயைத் திரும்பப் போடலாமா, புதிது போட வேண்டுமா என்பதிலும் புத்தகத்தின் சொல்லே கடைசிச் சொல். கூம்பு ஒருமுறை நசுங்கித் தன் இணையோடு பொருந்திவிட்டால், இரண்டாம் முறை அதே பொருத்தம் கிடைப்பது அரிது.

வாசலில் பெட்ரோல் கார்

பெட்ரோலுக்கு அழுத்தம் குறைவு. வழக்கமான இன்ஜெக்‌ஷன் கார்களில் மூன்று, நான்கு பார். ஆபத்து வேறு இடத்தில். பெட்ரோல் எவ்வளவு குளிர்ந்த நாளிலும் நம் ஊரில் தீப்பிடிக்கும் ஆவியைத் தந்துகொண்டே இருக்கும். காற்றில் 1.4 சதவீதம் ஆவி சேர்ந்தாலே பொறி ஒன்றுக்குப் பற்றும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு ஊர்ந்து தாழ்வான இடத்தில் தேங்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் முழுதும் ஆவியானால் சிறிய அறையின் காற்று முழுவதையும் பற்றக்கூடிய கலவையாக்கிவிடும். நொடிக்கு ஒரு சொட்டு என்ற கசிவு அற்பமாகத் தெரியும். ஒரு நாளில் அது லிட்டர் கணக்கில் சேரும். டீசல் பரவாயில்லை என்றும் இருந்துவிடக்கூடாது. இந்தியத் தரநிர்ணயம் டீசலுக்குக் கேட்கும் குறைந்தபட்சத் தீப்பற்று வெப்பநிலை 35 டிகிரி செல்சியஸ். தஞ்சைப் பக்கத்துச் சித்திரை வெயில் அதைத் தாண்டும்.

ஆகவே வேலையை மூடிய கொட்டகையில் வைத்துக்கொள்ளாமல் திறந்த வாசலில் வைத்துக்கொள்ளுங்கள். பூஜையறை விளக்கும் சமையலறை அடுப்பும் எரியாத நேரமாக இருக்கட்டும். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். பம்பின் பியூஸைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஓட்டினால், குழாயில் மிச்சமிருக்கும் பெட்ரோல் தீர்ந்து தானாக நிற்கும், அழுத்தம் இறங்கிவிடும். பிறகு பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். உலர்பொடித் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பல போல்ட்டுகள் உள்ள மூடியானால் எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரு பக்கம் முழுதாக இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் மூடி சாய்ந்து, வளையம் ஓரிடத்தில் நசுங்கி இன்னோர் இடத்தில் தளர்ந்திருக்கும்.

முடித்ததும் எஞ்சினை உடனே ஓட்ட வேண்டாம். பேட்டரியை இணைத்து, சாவியை ஆன் நிலைக்கு இரண்டு மூன்று முறை கொண்டுபோய் நிறுத்துங்கள். பம்பு ஓடி அழுத்தம் ஏறும். டார்ச் அடித்து ஒவ்வோர் இணைப்பையும் பாருங்கள், முகர்ந்து பாருங்கள். உலர்ந்திருந்தால் மட்டும் ஓட்டுங்கள். சூடேறி ஆறிய பிறகு மறுபடி ஒருமுறை பாருங்கள்.

கையும் கருவியும்

திருப்புவிசையை அளக்கும் டார்க் ரென்ச்சின் பிறப்பை, 1918 வாக்கில் நியூயார்க் நகரக் குடிநீர்த் துறையில் வேலை செய்த கான்ராட் பார் என்பவரோடு சேர்த்துச் சொல்வார்கள். குழாய் இணைப்பின் போல்ட்டுகளைத் தொழிலாளர்கள் தேவைக்கு மேல் இறுக்குவதைத் தடுக்கவே அவர் அதை உருவாக்கினாராம். போதாமல் இறுக்கியவர்களைவிடக் கூடுதலாக இறுக்கியவர்களே அவருக்குத் தலைவலியாக இருந்தார்கள் என்பது இந்த அத்தியாயத்துக்குப் பொருத்தமான செய்தி.

இன்று கிடைக்கும் வகை, குறித்த அளவு வந்ததும் ‘டக்’ என்று சொல்லும். அந்த ஒலி கேட்டதும் நிறுத்த வேண்டும். உறுதிக்காக இன்னொரு முறை இழுப்பது அளவைத் தாண்டுவதே. கைப்பிடியின் நடுவில் பிடித்து, சீராக இழுக்க வேண்டும். சக்கர நட்டுக்கான பெரிய கருவி எரிபொருள் பாகங்களுக்கு உதவாது; 5 முதல் 25 அல்லது 30 நியூட்டன் மீட்டர் வரை அளக்கும் சிறியது தேவை. வேலை முடிந்ததும் ஸ்பிரிங்கைக் குறைந்த அளவுக்குத் தளர்த்தி வைக்க வேண்டும். சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 6789 இந்த வகைக் கருவியில் நான்கு சதவீதம் வரை மட்டுமே பிழையை அனுமதிக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறையோ 5000 முறை பயன்படுத்திய பிறகோ சரிபார்க்கவும் சொல்கிறது.

முப்பது ஆண்டு ஸ்பேனர் பிடித்த மெக்கானிக்கின் கைக்கு இந்தக் கருவி தேவையா என்று கேட்கலாம். தான் நாள்தோறும் தொடும் வண்டியின் நாள்தோறும் தொடும் நட்டை அந்தக் கை நன்றாக அறியும். நான் அந்தக் கையைப் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் டிராக்டரின் இரும்பு பில்டர் தலையில் பழகிய கை, புதுக் காரின் பிளாஸ்டிக் மூடியில் ஏமாறும். அந்தக் கை ஓய்வு பெறும்போது அதன் அறிவும் கூடவே போய்விடும். எண் அப்படிப் போகாது. 25 என்று எழுதி வைத்தால், நாளைக்கு வேலைக்குச் சேரும் பையனுக்கும் அது 25தான்.

அந்த எண்கள் இன்று பெரும்பாலும் ஆங்கில சர்வீஸ் புத்தகங்களுக்குள் இருக்கின்றன. ஐ.டி.ஐ.யில் படிக்கும் மாணவரிடமும், வயல் மேட்டில் பில்டர் மாற்றும் விவசாயியிடமும் அவை தமிழில் போய்ச் சேர வேண்டும். டிராக்டர் விற்பவரிடம் கேளுங்கள். கார் சர்வீஸில் கேளுங்கள். கிடைத்த எண்ணை, வாசர் மாற்றிய தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வண்டியிலேயே வையுங்கள். சரியான அளவுக்கு இறுக்கிய பிறகும் ஓர் இணைப்பு கசிந்தால் மேலும் முறுக்காதீர்கள். கழற்றி, முகத்தைப் பாருங்கள். அங்கே ஒரு கீறலோ, ஒரு பழைய வாசரோ, கோணி உட்கார்ந்த ஒரு வளையமோ இருக்கும். அதைச் சரிசெய்துவிட்டு, அதே எண்ணுக்கு மறுபடி இறுக்குங்கள்.